வேதியியல் வாத்தியார் பதில்கள்: ஈயச்சொம்பில் இருப்பது எந்த ஈயம்?

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து மேஜையில் பரப்பினேன். பாதிப் பேர் ஏதோ ஒரு பேரால் குழம்பிப்போய் எழுதியிருக்கிறார்கள். அது அவர்கள் தப்பில்லை, பேர் வைத்தவர்கள் அப்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திய எனக்கே சில பேர்கள் இன்னும் காலை வாரிவிடுகின்றன.

மாமியார் கொடுத்த ஈயச்சொம்பில்தான் 20 வருஷமாக ரசம் வைக்கிறேன். இஞ்சினீயரிங் படிக்கும் மகன், “ஈயம் விஷம்மா, தூக்கிப் போடு” என்று தினமும் சண்டை பிடிக்கிறான். போடவா, வேண்டாமா?
— வாசகி, மயிலாடுதுறை

மகன் படித்தது சரிதான் அம்மா. ஆனால் அவன் படித்த ஈயம் வேறு, உங்கள் சொம்பு வேறு. தமிழில் ஈயம் என்ற ஒரே பேரில் இரண்டு உலோகங்கள் குடித்தனம் நடத்துகின்றன. ஒன்று காரீயம். கார் பாட்டரியிலும் மீன் வலையில் கட்டும் குண்டிலும் இருப்பது. அது விஷம், சந்தேகமே இல்லை. குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் பிடிக்கும். இவ்வளவு வரை உடம்புக்குள் போகலாம் என்று சொல்லும்படியான பாதுகாப்பான அளவே அதற்குக் கிடையாது. இன்னொன்று வெள்ளீயம். ரசச்சொம்பு செய்வதும், பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் இதுதான். டப்பாவில் அடைத்து வரும் உணவுக்கு, டப்பாவின் உள்பக்கம் மெல்லிசாகப் பூசியிருப்பதும் பெரும்பாலும் இதுவேதான்.

பித்தளையில் நேரடியாகப் புளி சேர்ந்த பதார்த்தம் வைத்தால் களிம்பு ஏறும், வாய் கசக்கும், வயிறு புரட்டும். அதைத் தடுக்கத்தான் ஈயப்பூச்சு. என் சின்ன வயதில் கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு வருஷம் இரண்டு தடவை ஈயம் பூசுகிறவர் வருவார். வேப்பமரத்தடியில் ஒரு சாண் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தியை மிதித்து நெருப்பை ஏற்றுவார். அண்டாவைக் கவிழ்த்துச் சூடு காட்டி, இடுக்கியால் திருப்பி, உள்ளே ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை வரும். மூக்கு எரியும். அந்த நொடியில் ஈயக் குச்சியை ஒரு தீற்றுத் தீற்றி, பழந்துணிப் பந்தால் சுழற்றித் தேய்ப்பார். மஞ்சள் பித்தளை மேல் பௌர்ணமி நிலா மாதிரி ஒரு வெள்ளை வட்டம் விரிந்துகொண்டே போய் விளிம்பைத் தொடும். நாலு வீட்டுப் பையன்களும் அதைப் பார்க்கவே உட்கார்ந்திருப்போம்.

அந்த வெள்ளைப் பொடி நவச்சாரம், அதாவது அமோனியம் குளோரைடு. சூட்டில் அது அமோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரியும். பின்னது பித்தளை மேல் படிந்திருக்கும் ஆக்சைடு அழுக்கை அரித்தெடுத்துவிடும். அழுக்கு போன உலோகத்தில்தான் ஈயம் பிடிக்கும், இல்லாவிட்டால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடிவிடும். பிரிந்த இரண்டும் மேலே போய்க் குளிர்ந்ததும் மறுபடி சேர்ந்து நவச்சாரமாகிவிடுகின்றன. நாங்கள் பார்த்த வெள்ளைப் புகை அதுதான். அந்தப் பெரியவருக்கு இதில் ஒரு வார்த்தை தெரியாது. தெரிந்த என்னால் இன்றைக்கும் ஒரு டம்ளருக்குக்கூட ஈயம் பூச முடியாது.

சரி, உங்கள் சொம்புக்கு வருவோம். சுத்தமான வெள்ளீயம் என்றால் தாராளமாக ரசம் வைக்கலாம். வம்பு எங்கே என்றால், வெள்ளீயம் காரீயத்தைவிடப் பல மடங்கு விலை. கலப்படத்துக்கு ஆசைப்படுகிறவனுக்குக் காரீயம் வசதி, ஏனென்றால் இரண்டும் எளிதில் உருகிக் கலந்துவிடும். புளி ரசம் அந்தக் காரீயத்தைக் கரைத்து உள்ளே இறக்கும். மகன் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். சொம்பை எடை போடுங்கள். அப்புறம் ஒரு பாத்திரத்தில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, சொம்பைக் காற்றுக் குமிழி தங்காமல் முழுக்க அமிழ்த்தி, வழிகிற தண்ணீரைப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். வெள்ளீயத்தின் அடர்த்தி மில்லிக்கு 7.3 கிராம், காரீயத்துக்கு 11.3. உங்கள் சொம்பு 730 கிராம் என்று வைத்துக்கொண்டால், சுத்த வெள்ளீயம் 100 மில்லி தண்ணீரைத் தள்ளும். பாதிக்குப் பாதி காரீயம் என்றால் 82 மில்லிதான் வழியும். மகன் இஞ்சினீயரிங் மாணவன், அவனையே செய்யச் சொல்லுங்கள், சண்டை போடுகிற நேரம் மிச்சம். ஆனால் ஒன்று. பத்தில் ஒரு பங்கு மட்டும் கலந்திருந்தால் வித்தியாசம் மூன்று நாலு மில்லிதான், சமையலறை அளவையில் அது பிடிபடாது. அதனால் கணக்கு சரியாக வந்தாலும் சந்தேகம் தீராது. உலோகப் பரிசோதனைக்கூடத்தில் ஒரு தடவை கொடுத்துப் பார்த்துவிடுவதுதான் நல்லது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதுவரை சொம்பைப் பரண்மேல் வையுங்கள்.

இன்னொரு விஷயம், இது என் சொந்த அனுபவம். கல்யாணமான புதிதில் மனைவி ஊருக்குப் போயிருந்தாள். ரசம் வைக்கலாம் என்று சீர் வரிசையில் வந்த ஈயச்சொம்பை ஸ்டவ்வில் வைத்துவிட்டு, புளி கரைக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்க்கும்போது சொம்பின் அடியிலிருந்து பளபளவென்று சொட்டுச் சொட்டாக பர்னர் மேல் இறங்குகிறது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும் என்று அந்த வாரம்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன்! உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்பு தண்ணீரின் கொதிநிலையான 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், பயமில்லை. காலியாக இருந்தால் அதைக் காப்பாற்ற ஆள் இல்லை. அதனால்தான் முதலில் ஊற்றி, அப்புறம் ஏற்று என்பார்கள். ஈயச்சொம்பில் தாளிக்காமல் கரண்டியில் தாளித்துக் கொட்டுவதும் இதற்காகவே. எண்ணெய் சாதாரணமாக 200 டிகிரியைத் தொட்டுவிடும், 232-க்கு அங்கிருந்து எவ்வளவு தூரம்?

ஈயச்சொம்பு ரசத்துக்குத் தனி ருசி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தாலும் கண்டுபிடிப்பேன் என்கிறாள் மனைவி. உருகிய சொம்பைப் பற்றிப் பேச்சு எடுக்காமல் இருப்பாள் என்ற ஒரே நம்பிக்கையில் நான் அதை மறுப்பதில்லை.

எவர்சில்வரில் வெள்ளி எத்தனை சதவீதம்? காந்தம் ஒட்டினால் மட்டமான பாத்திரம் என்று கடைக்காரர் சொல்வது உண்மையா?
— வாசகர், திருப்பூர்

பூஜ்யம். ஒரு குண்டுமணிகூடக் கிடையாது. ‘என்றைக்கும் வெள்ளி’ என்று அர்த்தம் வரும்படி யாரோ ஒரு வியாபாரி வைத்த பேர் நம் வீடுகளில் நிலைத்துவிட்டது. உள்ளே இருப்பது பெரும்பாலும் இரும்புதான். நல்ல ரகத்தில் 100-க்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல், மீதி ஏறக்குறைய எல்லாம் இரும்பு. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்க்குத் தேய்மானம் தாங்கும் எஃகு தேடிக்கொண்டிருந்தபோது, குரோமியம் கலந்த எஃகு துருப்பிடிக்காததைக் கவனித்தார். வேலை துப்பாக்கிக்கு, பலன் சமையலறைக்கு.

இரும்பு இவ்வளவு இருந்தும் ஏன் துருப்பிடிப்பதில்லை? உங்கள் வீட்டு டம்ளரை எடுத்து, அதில் பெயர் வெட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். ‘நினைவுப் பரிசு’ என்றோ, தாத்தா பெயரின் முதல் எழுத்தோ, புள்ளி புள்ளியாக உளி வைத்துக் குத்தியிருப்பார்கள். பெயிண்ட் அடித்த இரும்பில் இப்படிக் குத்தினால் ஒரே மழையில் அந்த எழுத்து முழுக்கத் துரு. எவர்சில்வரில் 40 வருஷமானாலும் எழுத்து பளிச்சென்று இருக்கிறது. காரணம், குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு படலம் போட்டுக்கொள்கிறது. சில நானோமீட்டர் கனம்தான், கண்ணுக்குத் தெரியாது. உளி குத்திக் கிழித்தால் அந்த இடத்தில் உடனே புதுப் படலம். தன் காயத்துக்குத் தானே தோல் வளர்த்துக்கொள்ளும் உலோகம்.

இந்தத் தோலுக்கு ஒரு எதிரி உண்டு, உப்பு. பச்சைத் தண்ணீரில் கல்லுப்பைப் போட்டுக் கிளறாமல் விட்டால் அடியில் உட்கார்ந்த இடத்தில் குளோரைடு படலத்தை ஓட்டை போடும். பாத்திர அடியில் ஊசி முனை அளவு புள்ளிகள் தெரிகின்றனவே, அவை அப்படி வந்தவைதான். தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கலக்கிவிடுங்கள்.

காந்தம் பற்றிக் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. 18க்கு 8 ரகத்தில் காந்தம் ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றிய மலிவு ரகத்திலும் ஒட்டாது. அதனால் ஒட்டவில்லை என்பது நற்சான்றிதழ் ஆகாது. நல்ல ரகத்திலேயே இழுத்து வளைத்த விளிம்பில் லேசாக ஒட்டும். இண்டக்‌ஷன் அடுப்புப் பாத்திரத்தின் அடியில் ஒட்டியே தீர வேண்டும், ஒட்டாவிட்டால் அடுப்பே வேலை செய்யாது. காந்தத்தை வைத்துச் சண்டை போடுவதைவிட, பாத்திரத்தின் அடியில் என்ன ரகம் என்று முத்திரை குத்தியிருக்கிறார்களா பார்த்து வாங்குங்கள்.

மகளின் வெள்ளிக் கொலுசு ஒரே மாதத்தில் கறுத்துவிட்டது. உடம்புச் சூடு என்கிறார் ஒருவர், கண்ணேறு என்கிறார் இன்னொருவர்.
— வாசகி, விழுப்புரம்

கந்தகம். காற்றில், வியர்வையில், முட்டையில், அழுகின முட்டை வாடை அடிக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகின்றன. அதன் நிறம் கறுப்பு. ஒரு கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசை அதன்மேல் படும்படி வைத்து, ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா தூவி, கொதிநீர் ஊற்றுங்கள். வெள்ளியிடமிருந்து கந்தகத்தை அலுமினியம் பிடுங்கிக்கொள்ளும். அழுகின முட்டை நாற்றம் லேசாக வரும். தேய்த்தால் வெள்ளி கொஞ்சம் தேய்ந்து போகும், இதில் போகாது. கல் பதித்தது, முத்து கோர்த்தது வேண்டாம். கண்ணேறுக்கு மிளகாய் சுற்றிப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் கொலுசு வெளுக்காது.

ஆப்ப சோடா தீர்ந்துவிட்டது. துணி துவைக்கிற சோடாவும் சோடாதானே, ஒரு சிட்டிகை போட்டால் என்ன?
— வாசகி, காரைக்குடி

போடாதீர்கள். நல்ல வேளை, போடுவதற்கு முன்னால் கேட்டீர்கள்.

சோடா என்ற பேரில் நம் வீட்டைச் சுற்றி நாலு பேர் இருக்கிறார்கள். ஆப்ப சோடா, சோடியம் பைகார்பனேட். சாது. சலவை சோடா, சோடியம் கார்பனேட். காரம் கூடுதல், வாயையும் தொண்டையையும் அரிக்கும். காஸ்டிக் சோடா, சோடியம் ஹைட்ராக்சைடு. சோப்பு காய்ச்சுவது இதை வைத்துத்தான், கையில் பட்டால் உங்கள் தோல் கொழுப்பையே சோப்பாக்கிவிடும். நாலாவது கோலி சோடா. அதில் பெரும்பாலும் சோடாவே இல்லை, தண்ணீரில் அழுத்தி அடைத்த கரியமில வாயு மட்டும்தான். ஆரம்ப காலத்தில் சோடா உப்பைப் போட்டுத் தயாரித்ததால் வந்த பேர், உப்பு போய்விட்டது, பேர் போகவில்லை. 1807-ல் ஹம்ஃப்ரி டேவி உருக்கிய காஸ்டிக் சோடாவில் மின்சாரத்தைச் செலுத்தி ஒரு புது உலோகத்தைப் பிரித்தார். சோடாவிலிருந்து வந்தது என்பதால் அதற்கு சோடியம் என்று பேர் வைத்தார். ஆக, பிள்ளைக்கு அப்பா பேர்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. ஆப்ப சோடாவைச் சூடாக்கினால் அது கரியமில வாயுவையும் நீராவியையும் விட்டுவிட்டு என்ன ஆகும் தெரியுமா? சலவை சோடா ஆகும்! அந்த வாயுதான் ஆப்பத்தைப் பொங்க வைக்கிறது. மாவு புளித்திருந்தால் அந்தப் புளிப்பு சோடாவோடு சேர்ந்து சரியாகிவிடும். புளிக்காத மாவில் அள்ளிப் போட்டால் மிச்சம் நிற்பது சலவை சோடாதான். டீக்கடை போண்டாவைக் கடித்ததும் சில நாள் சோப்பு வாடை அடிக்கிறதே, அது உங்கள் பிரமை இல்லை. போண்டாவைப் பிட்டு உள்ளே பாருங்கள். மஞ்சள்தூள் போட்ட மாவு அங்கங்கே செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தால் சோடா மிஞ்சிவிட்டது. மஞ்சள் காரத்தில் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது எப்படியோ, அதே கதைதான் போண்டாவிலும்.

கழிவறையில் பிளீச்சிங் பவுடர் தூவி, கறை போகவில்லை என்று மேலே ஆசிட் ஊற்றினேன். பச்சையாகப் புகை வந்து, அரை மணி நேரம் மூச்சுவிட முடியவில்லை. ஏன்?
— வாசகர், சேலம்

நீங்கள் வீட்டுக்குள் குளோரின் வாயு தயாரித்துவிட்டீர்கள். 1915-ல் முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ராணுவத்தின் மேல் திறந்துவிட்ட அதே வாயு. பிளீச்சிங் பவுடரில் அடங்கிக் கிடக்கும் குளோரினை ஆசிட் வெளியே துரத்துகிறது. இரண்டையும், எந்தப் பிராண்டாக இருந்தாலும், எந்தக் கலர் பாட்டிலாக இருந்தாலும், சேர்க்கவே கூடாது. திரவமாக வரும் பிளீச்சும் இதில் சேர்த்திதான். மறுபடி இப்படி நேர்ந்தால் தண்ணீர் ஊற்றிச் சரிபண்ணலாம் என்று உள்ளேயே நிற்காதீர்கள். உடனே வெளியே வந்து, ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு, நல்ல காற்றில் நில்லுங்கள். இருமல், நெஞ்சில் இறுக்கம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்கலாம் என்பதால், இப்போதும் மூச்சு சரியில்லை என்றால் இன்றே போங்கள்.

அரிசிச் சோறு பொங்கி வழியும்போது கேஸ் அடுப்பின் நீலத் தீ ஏன் மஞ்சளாகிறது? கஞ்சி எரிவதாலா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், அருப்புக்கோட்டை

தம்பி, நீ அடுப்பைக் கவனித்திருக்கிறாய், அதற்கே பாதி மார்க். கஞ்சி எரிவதால் கொஞ்சம் மஞ்சள் வரும், ஆனால் பளீரென்று அடிக்கும் அந்த ஆரஞ்சு மஞ்சள் சோடியம் போடுகிற வெளிச்சம். உலையில் உப்பு போடாவிட்டாலும், தண்ணீரிலும் அரிசியிலும் இருக்கிற துளியூண்டு சோடியமே போதும். ஈரக் கையில் ஒரு உப்புக்கல்லைத் தேய்த்து, தீக்கு எட்டத்தில் நின்று அம்மாவை வைத்துக்கொண்டு உதறிப் பார். அதே நிறம். தீயின் சூட்டில் சோடியம் அணுவிலுள்ள எலக்ட்ரான் மேல்படிக்கு ஏறி, திரும்ப இறங்கும்போது அந்த வெளிச்சத்தை விடுகிறது. அதன் அலைநீளம் 589 நானோமீட்டர். உன் வீட்டு அடுப்பானாலும், தீபாவளி மத்தாப்பானாலும், சூரியனானாலும் அந்த எண் மாறாது. கஞ்சியில் பொட்டாசியமும் நிறைய உண்டு, அதன் நிறம் வெளிர் ஊதா. ஆனால் சோடியத்தின் கூச்சலில் அது கேட்கவே கேட்காது.

இந்த மஞ்சளுக்குள் ஒரு துப்பறியும் கதை இருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். அன்று ஆந்திரத்தின் குண்டூரில் பிரான்ஸ் நாட்டு வானியலாளர் ஜான்சன், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார். மசூலிப்பட்டினத்தில் நம் சென்னை வானாய்வகத்தின் போக்சன் காத்திருந்தார். சூரியன் மறைந்த சில நிமிஷங்களில் அதன் விளிம்பிலிருந்து எழும் ஜுவாலைகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது பளிச்சென்று கோடுகள் தெரிந்தன. அதில் ஒரு மஞ்சள் கோடு. மஞ்சள் என்றால் சோடியம்தானே என்றுதான் யாருக்கும் தோன்றும். அதே வருஷம் அக்டோபரில் இங்கிலாந்தில் வானியலாளர் லாக்யர் கிரகணம் இல்லாமலே அந்தக் கோட்டைப் பிடித்து, சோடியத்தின் இடத்தில் அது சரியாக உட்காரவில்லை என்று கவனித்தார். அது இருந்த இடம் 587.6. சோடியத்திலிருந்து ஒன்றரை நானோமீட்டர்தான் தள்ளி! பூமியில் யாருக்கும் தெரியாத ஒரு தனிமம் சூரியனில் இருக்கிறது என்று சொல்லி, சூரியனின் கிரேக்கப் பேரிலிருந்து ஹீலியம் என்று பேர் வைத்தார்கள். நம்பாதவர்கள் நிறைய. 27 வருஷம் கழித்து, 1895-ல் லண்டனில் வேதியியலாளர் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து வந்த வாயுவில் அதே கோட்டைப் பார்த்தார். பிறந்தநாள் பலூனுக்குள் இப்போது அடைக்கிறோமே, அதுதான்.

பேரிலும் ஒரு கோளாறு பாக்கி இருக்கிறது. ஆங்கிலத்தில் உலோகங்களுக்குத்தான் வழக்கமாக ‘இயம்’ என்று முடியும் பேர் வைப்பார்கள். சோடியம், பொட்டாசியம், கால்சியம். புதிதாகப் பார்த்ததும் ஏதோ உலோகமாக இருக்கும் என்று நினைத்து ஹீலியம் என்று முடித்துவிட்டார்கள். நியான், ஆர்கான் என்று அதன் கூடப்பிறந்த வாயுக்களுக்கெல்லாம் வேறு மாதிரி முடிய, இது மட்டும் அந்தப் பழைய பேரோடு நிற்கிறது.

இன்னொன்று, மஞ்சள் தீ எப்போதும் சோடியம் இல்லை. கஞ்சி வழிந்து பர்னர் ஓட்டை அடைத்துக்கொண்டால் காற்று போதாமல் கரித்துகள் சூடேறியும் தீ மஞ்சளாகும். சோடியம் என்றால் வழிந்தது தீர்ந்ததும் நீலம் திரும்பும். அடைப்பு என்றால் திரும்பாது, பாத்திர அடியில் கரி பிடிக்கும். அப்படியானால் அடுப்பு ஆறியதும் பர்னரைக் கழற்றி ஊசியால் ஓட்டைகளைக் குத்திவிடு. அடுத்த முறை உலை பொங்கும்போது, முதலில் அடுப்பைக் குறைத்துவிட்டு அப்புறம் நிறம் பார். எனக்கு நேர்ந்த மாதிரி பார்த்துக்கொண்டே நின்றுவிடாதே.